தனக்கு ஓட்டுப் போடாத ஒலிண்டா

விழாக் கூடத்தின் தலைவியாய் வீற்றிருந்து, "சுருக்கமாப் பேசணும் கில்பர்ட்டு, சோப்பாஷ் ஆறிடும்" என்று படியேறும்போதே என் காதைத் திருகி அனுப்பிய பெருமாட்டி இடலினா மஷாடோ அவர்களே! இரு தரப்புக்கும் பொதுவாகத்தான் ஜெபிப்பேன் என்று சொல்லிவிட்டு, நம் தரப்பு நாற்காலியில் நல்ல பிள்ளையாய் வந்து அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே! பால் கறந்த கையின் ஈரம் உலருமுன் ஓடி வந்திருக்கும் பண்ணைப் பெருமக்களே! பாதாம் தோப்பின் தூசியைத் தலையிலேயே சுமந்து வந்திருக்கும் தோழர்களே! அடுக்களையில் அண்டா அண்டாவாய்ச் சோப்பாஷ் என்னும் நம் விழா இறைச்சிக் குழம்பைக் கொதிக்கவிட்டு, புதினாவைக் கிள்ளிக்கொண்டே ஜன்னல் வழியாக என்னை வேவு பார்க்கும் தாய்மார்களே! கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தங்கைமார்களே, தம்பிமார்களே! பின்வரிசையில் நின்று "சீக்கிரம் ஆரம்பிப்பா" என்று குரல் கொடுக்கும் அன்பரே! உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் என் ஏலத்தில் கிடாரி வாங்கியவர் நீங்கள்தான். அங்கேயும் இதே அவசரம்தான் பட்டீர்கள். உங்கள் எல்லோருக்கும் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவும் கில்பர்ட் சில்வெய்ராவின் பணிவான வணக்கம்!

எதற்காகக் கூடியிருக்கிறோம்? நாடாளப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கவா? இல்லை. மாநிலத்தை மாற்றப் போகிறவரைத் தேடவா? அதுவும் இல்லை. நம் பெல்மீரா கல்லூரியின் அறங்காவலர் குழுவில் ஒரே ஒரு நாற்காலிக்காகக் கூடியிருக்கிறோம். ஓட்டுச் சீட்டின் கடைசிப் பக்கத்தில், கொசு ஒழிப்பு வாரியத்துக்கும் கல்லறைத் தோட்டக் குழுவுக்கும் நடுவே அச்சாகும் நாற்காலி! உட்கார்ந்தால் முதுகு வலிக்கும் நாற்காலி! கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு கோப்பை ஆறிப்போன காப்பியும் ஊரார் திட்டும் தவறாமல் கிடைக்கும் நாற்காலி!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த நாற்காலியில்தான், ஐயா, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடக்கும் மாலை நேரச் செவிலியர் வகுப்பின் உயிர் இருக்கிறது. குழுவில் ஏழு பேர். அந்த வகுப்பை மூடு என்பவர்கள் மூவர். மூடாதே என்பவர்கள் மூவர். மீதி இருப்பது இந்த ஒரு நாற்காலி. வருகிற செவ்வாய்க்கிழமை அதில் யார் அமர்கிறாரோ, அவர் கையைத் தூக்கினால் வகுப்பு வாழும். தூக்காவிட்டால் கதவுக்குப் பூட்டு.

அந்த நாற்காலிக்குத்தான் நம் ஒலிண்டாக்கா, டிராக்டர் உதிரிபாகக் கடை ஒலிண்டா ஃபகுண்டெஸ், மறுபடியும் நிற்கிறார். எதிரே நிற்பவர் நிலத் தரகர் பிரெண்ட் ஹாலிஸ். அந்தப் பக்கத்துக் கட்டடத்தை விற்றுவிடலாம், பிள்ளைகள் பஸ் பிடித்து ஊருக்குள் வந்து படிக்கட்டும் என்கிறார். எந்தப் பஸ், ஐயா? எந்தப் பஸ்? அந்தப் பிள்ளைகளுக்குத் தக்காளி ஆலையில் வேலை முடிவதற்குள் கடைசிப் பஸ் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிப் போய்விடுகிறதே! ஹாலிஸ் நல்லவர். அவர் சுவரொட்டியில் சிரிக்கும் பற்களும் நல்ல பற்கள். ஆனால் அந்தப் பஸ்ஸில் அவர் ஒருநாளாவது ஏறியிருப்பாரா?

அது கிடக்கட்டும். அக்காவின் தேர்தல் வரலாற்றை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அக்கா முறைக்கிறார். முறைக்கட்டும். கடையில் வால்வு கேட்டுப் போனாலே அப்படித்தான் முறைப்பார்.

முதல் தேர்தலில் அக்கா எப்படி வேட்பாளரானார் தெரியுமா? கொள்கை முழக்கத்தோடா? கொடி பிடித்தா? இல்லவே இல்லை. அந்தப் பக்கத்து வகுப்பின் வாசலில் விளக்கு எரியவில்லை, பெண் பிள்ளைகள் இருட்டில் காரைத் தேடுகிறார்கள் என்று சண்டை போடக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவர் சொன்னார்: "இதெல்லாம் ட்ரஸ்டிங்க முடிவு பண்றதும்மா. உங்க பக்கத்து ட்ரஸ்டி ரிட்டயர் ஆகிட்டாரு. அந்த எடத்துக்கு நிக்கறதுக்கு ஆளே இல்ல."

"ஆளே இல்லையா? நான் என்ன மரமா நிக்கறேன்?" என்று கேட்டு, அங்கிருந்து நேராகத் தேர்தல் அலுவலகத்துக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார் நம் அக்கா!

பிறகு என்ன? பிரசாரம்தான்! "டேய் கில்பர்ட்டு, உனக்குத்தான் தொண்டை இருக்கே, வா" என்று என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினார். என் லாரியில் ஒலிபெருக்கி கட்டினோம். தெருத்தெருவாகப் போனோம். தோப்புத் தோப்பாக அலைந்தோம். புல்வெளி கண்ட இடமெல்லாம் பலகை நட்டோம். கறவைக் கொட்டகைக்குள் புகுந்து ஓட்டுக் கேட்டோம்; மாடுகள் பயந்து பாலை நிறுத்தின. நாய் துரத்தியது. துரத்திய நாயை அக்கா திருப்பித் துரத்தினார்.

கடைசியில் ஒரு வீட்டில் கதவைத் திறந்த பெண்மணி, தபாலில் வந்த ஓட்டுச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அக்கா தன் பேச்சை முழுமூச்சாகப் பேசி முடித்தார். அந்த அம்மாள் சீட்டை இப்படிப் புரட்டி, அப்படிப் புரட்டி, "நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க. ஆனா இதுல உங்க பேரே இல்லையே!" என்றார்.

இல்லைதான்! எங்கேயும் இல்லைதான்! எதிர்த்து நிற்க ஒருவரும் வராததால் அந்த இடத்துக்குத் தேர்தலையே ரத்து செய்து, அக்கா தேர்வானதாக அவர்கள் எப்போதோ எழுதி முடித்துவிட்டார்கள். நடக்காத தேர்தலுக்கு நாய்க்கடி வாங்கத் துணிந்த ஒரே வேட்பாளர் இந்த மண்ணில் நம் அக்காதான்! (கைதட்டுங்கள், கைதட்டுங்கள். நானும் அந்த லாரியில்தான் இருந்தேன்.)

அடுத்த தேர்தல் வந்தது. எதிர்த்து நிற்க ஆள் வந்தாரா? வரவில்லை. அக்கா கொதித்துப் போனார். "ஊர்ல ஒரு ஆம்பள பொம்பளைக்குக்கூட ரோஷம் இல்லையாடா? ஒருத்தராவது என்னை எதிர்த்து நின்னா என்னவாம்?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டார். பெட்ரோல் பங்கில் கேட்டார். திருப்பலி முடிந்து வெளியே வந்தவர்களை மடக்கிக் கேட்டார். தனக்கே எதிரி தேடி அலைந்தார், ஐயா! இரண்டாவது தடவையும் ஒரு ஓட்டுக்கூட வாங்காமல் வென்றார். ஆனாலும் வாசலில் விளக்கு எரிந்தது. வகுப்புக்கு இன்னொரு ஆசிரியை வந்தார். யாரும் ஓட்டுப் போடாமலே ஊருக்கு உழைத்தார்.

மூன்றாம் தேர்தலில்தான் வந்தார் எதிரி! எப்பேர்ப்பட்ட எதிரி! இதோ, என் வலப்பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு அமர்ந்திருக்கிறாரே, நம் கோச் மெர்ல் டிட்வெல்! ஊரில் பாதிப் பேருக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தவர். மீதிப் பேரை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர். "கல்லூரின்னா ஒரே எடத்துல இருக்கணும். டீமை ரெண்டு மைதானத்துல பிரிச்சு நிறுத்தினா எப்படி ஜெயிக்கறது?" என்பது அவர் வாதம். அந்தப் பக்கத்து வகுப்பை மூட வேண்டும் என்று அன்றைக்கு உரக்கச் சொன்னவர் அவர்தான். இல்லையா கோச்? பாருங்கள், தலையாட்டுகிறார். நேர்மையான மனிதர்!

அக்காவுக்கோ ஆனந்தம்! எதிரி கிடைத்துவிட்டாரே! கோச்சை எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்தீங்களே கோச், புண்ணியமாப் போச்சு" என்றார். கோச் மிரண்டு போனார்.

ஓட்டு எண்ணினார்கள். முதலில் அக்கா முந்தினார். பிறகு கோச் முந்தினார். மறுபடி அக்கா. மறுபடி கோச். கடைசித் தபால் உறையைப் பிரித்து எண்ணி முடித்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? சமம்! சரிசமம்! ஒரு ஓட்டு இங்கேயும் கூட இல்லை, ஒரு ஓட்டு அங்கேயும் குறைய இல்லை. திரும்ப எண்ணினார்கள். திரும்பவும் சமம்!

சட்டம் என்ன சொல்கிறது? குலுக்கல் போடு என்கிறது. தேர்தல் அலுவலகத்தில் குலுக்கிப் போட ஏதாவது இருந்ததா? ஒன்றும் இல்லை. இதே கூடத்திலிருந்து, நம் வெள்ளிக்கிழமை பிங்கோ ஆட்டத்தில் எண் பந்துகளைக் குலுக்கும் உருளையை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள்! கோச் பெயர் ஒரு பந்தில், அக்கா பெயர் ஒரு பந்தில். அலுவலக அம்மையார் கைப்பிடியைப் பிடித்தார். எனக்கு ஒரே எரிச்சல். ஒரு ஓட்டு, ஒரே ஒரு ஓட்டு கூட இருந்திருந்தால் இந்தக் கூத்தே வேண்டாமே என்று அக்காவின் காதைக் கடித்தேன்.

"ஏன்க்கா, உங்க தம்பி போட்டாரா?"

"போட்டான்."

"கடைப் பசங்க?"

"எல்லாரும் போட்டாச்சுடா."

"நீங்க?"

"போட்டேனே. கோச்சுக்கு."

தலைவர் அவர்களே, என் தொண்டை ஏலத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை. "கோச்சுக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் உருளையைப் பிடித்திருந்த அம்மையார் கையை விட்டுவிட்டார்.

"ஏண்டா கத்தற? நம்ம ஹால்ல விழாத் தலைவர் தேர்தல் நடக்குதே, அதுல நிக்கறவங்க தனக்கே ஓட்டுப் போட்டுக்குவாங்களா? எதிர்ல நிக்கறவங்களுக்குத்தானே போடுவாங்க? எங்கப்பா போட்டாரு, உங்கப்பா போட்டாரு. தனக்கே போட்டுக்கறது அசிங்கமா இல்ல?"

"அது ஹால்லக்கா! ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க, கணக்கு சரியாப் போயிடும்! இது கவர்மெண்ட் தேர்தல்!"

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கோச்சுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. முகம் தக்காளியாய்ச் சிவந்துவிட்டது. "ஒலிண்டாம்மா," என்றார், "நான் எனக்கேதான் போட்டேன்."

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? கோபித்தாரா? கொந்தளித்தாரா? "அதனால என்ன கோச், நீங்க நம்ம ஹால் ஆளு இல்லையே. உங்களுக்கு அது தப்பில்ல" என்று ஆறுதல் சொன்னார், ஐயா! ஆறுதல் சொன்னார்! தனக்கே போட்டிருந்தால் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வென்றிருக்க வேண்டிய மகராசி, எதிரிக்கு ஆறுதல் சொன்னார்!

போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியுமா? முடியாது. உருளை சுற்றியது. பந்து விழுந்தது. கோச் பெயர்!

நான் நெற்றியில் அறைந்துகொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். வகுப்பு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அக்கா கோச்சின் கையைக் குலுக்கி ஒன்றே ஒன்று கேட்டார்: "கோச், மூடறதுன்னா மூடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அந்தப் பக்கம் போயிட்டு வாங்க. வகுப்பு நடக்கும்போது போங்க. காலியா இருக்கறப்போ பாத்தீங்கன்னா வெறும் கட்டடம்தான் தெரியும்."

கோச் போனார். வாக்குக் கொடுத்தால் போகிற மனிதர். அங்கே தக்காளி ஆலையிலிருந்து நேராக வந்து, கையில் தக்காளி வாடையோடு, ரப்பர் பொம்மைக்கு ஊசி போடப் பழகிக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் மாரிபெல் ஒசெகேரா. கதவருகே நின்ற கோச்சைப் பார்த்ததும் அவள் பொம்மையை விட்டுவிட்டாள்.

"யாரு சார் நீங்க? மூச்சு வாங்குது உங்களுக்கு. உக்காருங்க."

"நான் சும்மா பாக்க வந்தேம்மா."

"பாருங்க, உக்காந்துக்கிட்டே பாருங்க. கைய நீட்டுங்க." இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். காற்றை ஏற்றினாள். பார்த்தவள் முகம் மாறியது. ஆசிரியையைக் கூப்பிட்டாள். ஆசிரியை தன் காரிலேயே கோச்சை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். கோச் இன்றைக்கு இந்த மேடையில் முழங்காலை மட்டும் தடவிக்கொண்டிருக்கிறார் என்றால், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ கிடக்கவில்லை என்றால், ஐயா, அது யார் கை? கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக் கை!

ஆனால் கேளுங்கள். அதற்காகத்தான் கோச் மனம் மாறினார் என்று ஊரில் பேசுகிறார்கள். கோச்சே அதை ஒப்புக்கொள்ள மாட்டார். வகுப்பை மூடும் தீர்மானம் வந்த நாளில் கூட்ட அரங்கு நிரம்பி வழிந்தது. மூவர் மூடு என்றார்கள். மூவர் மூடாதே என்றார்கள். எல்லோரும் கோச்சைப் பார்த்தார்கள். கோச் எழுந்தார். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகிய மனிதர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"நான் உசுரு பொழச்சது வேற விஷயம். அதுக்கு அந்தப் பொண்ணுக்கு வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிட்டேன். இங்க சொல்ல வேண்டியது ஒண்ணுதான். இந்த நாற்காலில நான் ஒக்காந்திருக்கறது ஒலிண்டாம்மா எனக்குப் போட்ட ஓட்டுல. அவங்க எனக்கு ஓட்டுப் போட்டது இந்த வகுப்பை மூடறதுக்காக இல்ல. அவங்க ஓட்ட வாங்கிக்கிட்டு அவங்களுக்கே எதிரா கை தூக்க என்னால முடியாது. மூடக் கூடாது."

மூடக் கூடாது! தோற்றவர் போட்ட ஓட்டு வென்றவரின் கையைத் தூக்கியது, பெரியோர்களே! வென்று காப்பாற்றியவர்களைப் பார்த்திருக்கிறோம். தோற்றே காப்பாற்றிய தலைவியை எங்கேயாவது பார்த்திருக்கிறோமா? எங்கேயாவது கேட்டிருக்கிறோமா?

இப்போது கோச்சின் காலம் முடிகிறது. முழங்கால் விடவில்லை, இனி நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தத் தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவர ஹாலிஸ் நிற்கிறார். அக்கா அதைத் தடுக்க நிற்கிறார். பிங்கோ உருளையை நம்பி இருக்க முடியுமா? முடியாது! இந்தத் தடவை ஒவ்வொரு ஓட்டும் வேண்டும்! அதனால், அக்கா, இந்தப் பேரவையின் முன்னிலையில் பகிரங்கமாகக் கேட்கிறேன். ஓட்டுச் சீட்டு வீட்டுக்கு வந்திருக்கிறதல்லவா? இந்தத் தடவையாவது, அந்தப் பிள்ளைகளுக்காகவாவது...

என்ன? என்ன சொல்கிறார்? சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா. தாய்மார்களுக்கும் கேட்கட்டும்.

"போட்டாச்சுடா. போன வாரமே பெட்டில போட்டாச்சு."

யாருக்கு?

"வழக்கப்படிதான்."

கேட்டீர்களா! கேட்டீர்களா இந்த அநியாயத்தை! ஹாலிஸுக்குப் போட்டுவிட்டார்! பாதிரியார் அவர்களே, நீங்கள் சிரிக்கக் கூடாது, நீங்கள் பொது! ஏன்க்கா, ஏன்? இத்தனை பிள்ளைகள் வாழ்க்கை இதில் இருக்கிறதே, மனசு பதறவில்லையா உங்களுக்கு?

"பதறாம? தெனம் பதறுது. அதுக்காக நானே எடுத்து எனக்குப் போட்டுக்கவா? அப்படிப் போட்டுக்கிட்டா அந்த நாற்காலி என்னோடதுன்னு எனக்கே தோணிடும்டா. அது அவங்களோடது. ஊரு குடுத்தா ஒக்காருவேன்."

ஏலத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறேன். இந்த அம்மாளோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். சரி. ஊர் கொடுத்தால் உட்காருவாராம். ஊரே, உன்னைக் கேட்கிறேன்! தனக்கென்று ஒரு ஓட்டுக்கூட வைத்துக்கொள்ளாத இந்த மனுஷிக்கு, அவர் போட்டுக்கொள்ளாத ஓட்டை இந்தக் கூடத்தில் யார் போடப் போகிறீர்கள்? யார் ஈடுகட்டப் போகிறீர்கள்?

அதோ... பாருங்கள், கோச் எழுந்திருக்கிறார்! மெதுவாக, கோச், மெதுவாக. சட்டைப் பையிலிருந்து உறையை எடுக்கிறார். ஒட்டிய உறை. என்ன சொல்கிறார்? "இது அவங்களுக்கு. போன தடவை வாங்கினத திருப்பிக் குடுக்கறேன்." வாழ்க கோச்!

ஆனால் கோச், ஒன்று போதாதே! எதிரிக்குப் போன ஒன்று, தனக்கு விழாத ஒன்று, ஆக நமக்கு இரண்டு குறைகிறதே! இன்னொருவர் யார்? இன்னொருவர்...

வழி விடுங்கள். கொஞ்சம் வழி விடுங்கள் அந்தத் தங்கைக்கு. ஆஸ்பத்திரிச் சீருடையோடு வேலையிலிருந்து நேராக வருகிறாள் பாருங்கள். மாரிபெல்! ஒலிவாங்கியை நீயே பிடி, தங்கச்சி. நீயே சொல்.

"எனக்கு இந்த வசந்தத்துலதான் குடியுரிமை கெடச்சுது. இதுவரைக்கும் எந்தத் தேர்தல்லயும் நான் ஓட்டுப் போட்டதில்ல. இதுதான் மொதல் ஓட்டு. சீட்டுல மேல பெரிய பெரிய பேரெல்லாம் இருந்துச்சு. நான் கடைசிப் பக்கத்தத்தான் மொதல்ல திருப்பினேன்."

கடைசிப் பக்கத்தை, ஐயா! கடைசிப் பக்கத்தை!

எழுந்துவிட்டார்களே! அடுக்களைத் தாய்மார்கள் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்களே! கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வரிசை முழுக்க எழுந்து நிற்கிறதே! கிடாரி வாங்கிய அன்பரே, நீங்களுமா? போதும் அக்கா, அழாதீர்கள். கைக்குட்டை கொடுங்கள் யாராவது. என்னுடையது நனைந்துவிட்டது.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட தலைமைக்கு நன்றி. ஆறிப்போன சோப்பாஷை மறுபடி சூடாக்கப் போகும் தாய்மார்களுக்கு மன்னிப்போடு கூடிய நன்றி. எழுந்த கால்கள் செவ்வாய்க்கிழமைக்குள் ஓட்டுப் பெட்டிவரை நடக்கட்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்புரை சொல்ல அக்கா ஒலிவாங்கியைக் கேட்கிறார். மாட்டேன். தலைவர் அவர்களே, நீங்களே சொன்னாலும் செவ்வாய்க்கிழமை முடியும்வரை தர மாட்டேன். கையில் கிடைத்தால், மரியாதைக்காக ஹாலிஸுக்கு ஓட்டுக் கேட்டுவிடுவார்! வணக்கம், வணக்கம், எல்லோருக்கும் வணக்கம்!